வெளிநாட்டுப் பெருநகரத்தில் வசித்தபோது வார இறுதிகளில் நீங்கள் கண்டுபிடித்த இடங்கள் எவை?

எனக்குச் சொந்த ஊர் சேலம், கன்னங்குறிச்சி. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தெருவிலோ சொந்தத்திலோ யாராவது சிங்கப்பூர் கிளம்பினால் என்னிடம் வந்து முதலில் ரூம் வாடகை கேட்பார்கள், அப்புறம் "லீவு நாள்ல என்னங்க பண்ணுவீங்க?" என்பார்கள். வாடகை வருடத்துக்கு வருடம் மாறும். இரண்டாவது கேள்விக்கு இங்கேயே எழுதிவிடுகிறேன்.

செந்தோசா, மரீனா பே எல்லாம் ஊரிலிருந்து ஆள் வந்தால் கூட்டிப் போகிற இடங்கள். அவற்றை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான் பார்த்ததெல்லாம் காசு செலவில்லாமல் ஒரு நாளை ஓட்டப் போய்க் கிடைத்தவை. அங்கே பஸ் கட்டணம் தூரக் கணக்கு. இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் பழைய பயணமே தொடர்வதாக எடுத்துக்கொள்வார்கள். மாடி பஸ்ஸில் மேலே போய் முன் சீட்டைப் பிடித்துக் கடைசி நிறுத்தம் வரை போவது என் வழக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சொந்தமில்லை. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு, பத்திரிகை வைக்க வருகிறவர்கள் என்று பங்காளிகள் அதைப் பிரித்துக்கொள்வார்கள். சிங்கப்பூரில் எனக்குப் பங்காளிகள் இல்லை, அதனால் முழு ஞாயிறும் என் கையில் இருந்தது.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த மலை புக்கித் தீமா. உச்சியில் ஒரு பாறையில் உயரம் எழுதி வைத்திருக்கிறார்கள்: 163.63 மீட்டர். நம் சேலம் நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டரில் இருக்கிறது. அதாவது பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறவர் அந்த நாட்டின் மலையுச்சியைவிட நூறு மீட்டர் மேலே நிற்கிறார். ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், அதை அங்கே சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அந்தச் சின்ன மலையைக் காடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் கவர் கண்ணில் படாது.

புலாவ் உபின் தீவுக்குச் சாங்கி முனையிலிருந்து மோட்டார் படகு போகும். நேர அட்டவணை கிடையாது. நம் ஷேர் ஆட்டோ மாதிரி, பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். பத்து நிமிடத்தில் கரை. அங்கே வாடகை சைக்கிள், தகரக் கூரை வீடுகள், திடீரென்று குறுக்கே ஓடும் காட்டுப்பன்றி. ஒரு காலத்தில் தீவு முழுக்கக் கல்குவாரி. 1851-ல் எழும்பிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் போனது இங்கிருந்துதான். இப்போது அந்தக் குழிகளில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற சதுப்புக் கரை. அதையும் மண் போட்டு மூடுவதாக இருந்தார்கள். மக்கள் பேசியபிறகு 2001 கடைசியில் அந்தத் திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் நட்சத்திர மீன் பார்க்கலாம்.

எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு பழைய ரயில் தடம். மலேசிய ரயில் முன்பு சிங்கப்பூருக்குள் தஞ்சோங் பகார் வரை வந்துகொண்டிருந்தது. 2011 ஜூன் 30 அன்று அதை நிறுத்தினார்கள். கடைசி ரயிலை, பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூரின் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 24 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த இடத்தை நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் இருக்க, நடுவில் பசேலென்று ஒரு கோடு. பழைய இரும்புப் பாலங்களை மட்டும் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு அதில் நடந்தபோது குவீன்ஸ்டவுன் பக்கம் வெயில் தாங்காமல் தடத்தைவிட்டு விலகினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு கோபுரம். காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். எங்களுக்குக் குலதெய்வமே முனியப்பன், கால் தானாக உள்ளே போய்விட்டது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"சேலமுங்க."

"அப்ப முனியப்பனைத் தெரிஞ்சிருக்கும். எங்கப்பா ரயில்வேயில கேங் வேலை. அவங்க செட்டுல உள்ளவங்க வச்சுக் கும்பிட்ட சாமி இது. சாப்பிட்டுட்டுப் போ."

அப்புறம் விசாரித்தால், குவீன்ஸ்வே அருகே ரயில்வே குடியிருப்பில் இருந்த தொழிலாளர்கள் 1932-ல் சிறிதாக ஆரம்பித்த கோயில் அது. இடம் மாறி, வளர்ந்து, இன்று இவ்வளவு பெரிதாக நிற்கிறது. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறந்ததும் அதே 1932-ல்தான். ரயில் போய்விட்டது, தண்டவாளமும் போய்விட்டது, காவலுக்கு வைத்த முனி மட்டும் இருக்கிறார். அன்று அன்னதானத்தில் சாம்பாரும் முட்டைக்கோஸ் பொரியலும். ஊர் ருசிதான், உப்பு கொஞ்சம் தூக்கல்.

அதற்குப் பிறகு புக்கித் பிரவுன் போனதைப் பற்றி வீட்டில் சொன்னபோது அம்மா போனில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "சுடுகாடு பாக்கறதுக்கா பிளேன் ஏறிப் போன? வந்து தலை முழுவினியா இல்லியா?" அது 1922-ல் திறந்து 1973-ல் மூடிய சீன இடுகாடு. ஏறக்குறைய ஒரு லட்சம் சமாதிகள், மேலே மரமும் கொடியும் மண்டிக் கிடக்கும். நடுவே நெடுஞ்சாலை போடுவதற்காக மூவாயிரத்துக்கு மேற்பட்ட சமாதிகளைத் தோண்டி எடுத்தார்கள். மிச்சத்தைத் தன்னார்வலர்கள் வார இறுதிகளில் இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள். கட்டாயம் அவர்களோடு போங்கள், தனியாகப் போனால் வெறும் புதர்தான் தெரியும்.

அங்கே சில பணக்காரச் சமாதிகளுக்கு இரண்டு பக்கமும் சீக்கியர் சிலைகள் நிற்கின்றன. தலைப்பாகை, தாடி, உடுப்பில் பித்தான் வரிசை, கையில் துப்பாக்கி. ஒன்றில் பெயிண்ட் கூடப் புதிதாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கப்பூரின் கிடங்குகளுக்கும் வங்கிகளுக்கும் சீக்கியர்கள்தான் வாட்ச்மேன். உயிரோடு இருந்தபோது வாசலில் நின்றவர்களைச் செத்த பிறகும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மீசையும் ஆயுதமுமாகக் காவலுக்கு நிற்கும் உருவத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள வழிகாட்டி தேவைப்படவில்லை.

ஊர் திரும்பியபின் இந்த அலைச்சல் நிற்கவில்லை. நண்பர்கள் ஏற்காடு கூப்பிட்டால் இருபது கொண்டை ஊசியிலும் காருக்குப் பின்னால் கார் நின்று, ஏரியில் போட்டிங், பஜ்ஜி, லேடீஸ் சீட் காட்சிமுனை, திரும்ப இறக்கம். எனக்கு அதில் பொறுமை இல்லை. குப்பனூர் வழியாக ஏறினால் கூட்டம் குறைவு. கோடை மழை ஒன்று பெய்து பத்து நாள் கழித்துப் போனால் காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும், வாசம் மல்லிகையை ஒட்டி வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது.

ஆனால் சேலத்தில் என்னை உலுக்கியது மலை இல்லை, மறுபடியும் முனியப்பன்தான். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று காலங்காலமாகக் கும்பிட்டு வந்த சிலை புத்தருடையது என்று 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தொல்லியல் துறையின் ஆய்வறிக்கைதான் ஆதாரம். தாமரைப் பீடத்தில் உட்கார்ந்த நிலை, மடியில் தியானக் கை, சுருள் முடி, நீண்ட காது. தலை உடைந்து தனியாகி, பிறகு சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. எத்தனையோ முனியப்பன்களைக் கும்பிட்டிருக்கிறேன், எந்தச் சிலையின் காதையும் அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

அதனால் இப்போது காதுகுத்துப் பத்திரிகை வந்தால் முகத்தைச் சுளிப்பதில்லை, எந்த ஊர் என்று பார்க்கிறேன். போன முறை ஆத்தூர் பக்கம். மொய் எழுதிவிட்டு, பந்தி முடிந்த கையோடு பெரிய மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தியாகனூர் போனேன். அங்கேயும் ஆளுயரத்துக்கு மேல் கல்லில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், ஊர்க்காரர்கள் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, "இத்தன வருஷமா இந்த வழியாத்தான் சந்தைக்கு வந்துட்டுப் போறேன், ஒருத்தனும் சொல்லலியே மாப்ள" என்றார். அடுத்த மாதம் அவர் பேத்திக்குச் சீர், மேட்டூரில். அங்கே எதைப் பார்க்கலாம் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். அணையைத் தவிர வேறு இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.