அண்டர்வேர்ல்ட்ஸ் ஆட்டத்தில் ஒரு படைக்குழுவை எப்படி எடைபோடுவது?

சிற்றுருவப் பொம்மைகளை வைத்து ஆடும் பலகை விளையாட்டான வார்ஹாமர் அண்டர்வேர்ல்ட்ஸில் ஒரு படைக்குழுவின் வீரர்களையும் அட்டைகளையும் எந்த வரிசையில் மதிப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தாக்குதல் எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்ற எண்ணில் மயங்காமல் முதலில் தாக்குதல் பகடையைக் கணக்கிடுங்கள் என்பேன். 2017இல் வெளியான முதல் பதிப்பின் ஆறுமுகத் தாக்குதல் பகடையில் சுத்தியல் இரண்டு முகங்களிலும், வாள் ஒன்றிலும், எப்போதும் வெற்றியாகும் சிறப்புக்குறி ஒன்றிலும் இருப்பதால், சுத்தியல் விழுந்தால் வெற்றி என்று இரண்டு பகடை உருட்டும் வீரருக்கு ஒரு வெற்றியாவது விழும் வாய்ப்பு 75 சதவீதம்; வாளுக்கு மூன்று பகடை உருட்டுபவருக்கோ சுமார் 70 சதவீதந்தான். பகடை கூடுதலாக இருப்பதால் மட்டும் வீரர் வலியவராகிவிடுவதில்லை.

அடுத்து, வீரர்கள் எழுச்சி பெறும், அதாவது கூடுதல் வலிமையுள்ள நிலைக்கு மாறும் நிபந்தனை. முதல் பதிப்புப் படைக்குழுக்களில் ஒன்றான கேரெக்கின் ஐவர் குழு, களத்தில் மொத்தம் மூவர் வீழ்ந்த பிறகே எழுச்சி பெறும் என்பதால், தன் ஆளை இழப்பதுகூட அதற்கு ஓரளவு கைகொடுக்கும். ஸ்டீல்ஹார்ட்டின் குழுவிலோ மொத்தமே மூவர். ஒருவர் வீழ்ந்தால் படையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அட்டைகளில், சொன்னதை நிறைவேற்றினால் புகழ்ப்புள்ளிகள் (வெற்றியை முடிவுசெய்யும் புள்ளிகள்) தரும் 12 இலக்கு அட்டைகளையே நான் முதலில் பார்ப்பேன். சுற்றுக்கு நான்கு வீதம் மூன்று சுற்றுகளுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பவை 12 செயல்களே என்பதால், ஒவ்வோர் அட்டையும் எத்தனை செயல்களை விழுங்கும் என்று எண்ணிப்பாருங்கள். எதிராளி தவறு செய்தால்தான் நிறைவேறும் அட்டையை, அது எத்தனை புகழ்ப்புள்ளிகள் தந்தாலும், நான் சேர்ப்பதில்லை.