பெருவில் 10 நாள்: லிமாவுக்கு எத்தனை, மலைக்கு எத்தனை?

ஜூலையில் 10 நாள் விடுமுறை, தலைநகர் லிமா, மலைநகர் குஸ்கோ, இன்கா காலத்து இடிபாடுகள் உள்ள மச்சு பிச்சு மூன்றையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிமாவுக்கு இரண்டு நாள் போதும். ஜூலையில் அங்கே வெயிலைப் பார்ப்பது அரிது. கடல் மூடுபனி கவிந்தே இருக்கும், 'கருவா' என்ற தூறல் சட்டையை லேசாக நனைக்கும். ஆனால் லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதியில் வீடுகளுக்கு நடுவே நிற்கும் வாக்கா புக்யானா என்ற பழங்கால மண்கல் பிரமிடை விட்டுவிடாதீர்கள். அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் மண்கற்களை நெட்டுக்குத்தாக, இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பூகம்பம் வந்தால் சுவர் அசைந்து கொடுக்கும், இடியாது. பல நூற்றாண்டுகளாக நிற்கிறது!

அப்புறம் மலை. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம். கடலோரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய் இறங்கினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரலாம். அதனால் விமானம் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல், சுமார் 2,800 மீட்டரில் உள்ள ஒயாந்தாய்தாம்போ என்ற ஊருக்குக் காரில் போய்விடுங்கள். இரண்டு நாள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மச்சு பிச்சு ரயிலையும் அங்கேயே பிடிக்கலாம். மச்சு பிச்சு இன்னும் தாழ்வு, சுமார் 2,430 மீட்டர்தான். உடம்பு பழகியபின் குஸ்கோவைக் கடைசி மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சு பிச்சு டிக்கெட்டில் நுழையும் நேரமும் நடைபாதையும் குறிக்கப்பட்டிருக்கும். ஜூலை என்றால் சில மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். வாசலில் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள்.