மலேசியாவில் 75, சிங்கப்பூரில் 83: இபிஎஃப் பணத்துக்கு எந்த வயதை வைத்துக் கணக்குப் போடுவது?

கேள்வி: செந்தூலில் வசிக்கிறேன். எனக்கு 58 வயது, மனைவிக்கு 54. மலேசியரின் சராசரி ஆயுள் 75 என்பதால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை அதுவரைக்கும் பிரித்து வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அங்கே 83 என்கிறான். பக்கத்து நாட்டில் மட்டும் எப்படி எட்டு வருடம் கூடுதல்? என் கணக்கு சரிதானா?

பதில்: 75-இல் நிறுத்தாதீர்கள். அந்த எண் இன்று பிறக்கும் குழந்தைக்கானது. சிசு மரணம், இளவயது விபத்து எல்லாம் அதில் அடங்கும். அவற்றை நீங்கள் கடந்துவிட்டீர்கள். நம் புள்ளிவிவரத் துறையின் ஆயுள் அட்டவணையில் 60 வயது ஆணுக்கு இன்னும் ஏறத்தாழ 18 வருடம், பெண்ணுக்கு 20 வருடத்தை ஒட்டி இருக்கிறது. அதுவும் சராசரிதான். பாதிப் பேர் அதையும் தாண்டி வாழ்வார்கள்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 1960-இல் சராசரி ஆயுள் அவர்களுக்கு 66-ஐ ஒட்டியும் நமக்கு 60-ஐ ஒட்டியும் இருந்தது. பிறகு நாம் வேகமாக நெருங்கினோம். கம்பத்திலும் (கிராமத்திலும்) தோட்டத்திலும் கிளினிக், பயிற்சி பெற்ற தாதியர், சுத்தமான குடிநீர், மலேரியா ஒழிப்பு எல்லாம் சேர்ந்து குழந்தைகளைக் காப்பாற்றின. 1957-இல் ஆயிரம் குழந்தைகளில் 75 பேர் முதல் பிறந்தநாளுக்குள் இறந்தார்கள். இன்று ஆறேழு பேர். 1980 வாக்கில் இடைவெளி நான்கு வருடமாகக் குறைந்திருந்தது.

அப்புறம் அது மறுபடி விரிந்தது. 2000-இல் ஐந்து வருடத்துக்கு மேல், இப்போது எட்டை ஒட்டி. குழந்தைகளைக் காப்பாற்றியதில் கிடைக்க வேண்டிய லாபம் பெரும்பாலும் கிடைத்துவிட்டது. அதன்பின் ஆயுள் கூட வேண்டுமென்றால் நடுவயதுக்காரர்கள் பிழைக்க வேண்டும். இங்கேதான் நாம் பின்தங்கினோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மாரடைப்பு பல ஆண்டுகளாக நம் நாட்டின் முதன்மை மரணக் காரணங்களில் ஒன்று. சாலையில் ஆண்டுக்கு 6,000 பேரை ஒட்டி இறக்கிறார்கள், பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள்.

ஒன்றைக் கவனியுங்கள்: சிங்கப்பூர் ஒரே நகரம். நம் கணக்கில் சபா, சரவாக் உட்புறமும் சேரும். கோலாலம்பூரின் ஆயுள் தேசிய சராசரிக்கு மேல், திரங்கானு பின்தங்கியிருக்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. நம் நாட்டின் பெரிய இனங்களில் இந்திய ஆண்களின் ஆயுள்தான் மிகக் குறைவு. இனிப்பு நீரும் இதய நோயும் நம்மை அதிகம் தாக்குகின்றன. சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தால் யாருக்கும் எட்டு வருடம் கூடிவிடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அரசாங்க கிளினிக்கில் தவறாமல் பார்த்து மருந்தை விடாமல் எடுத்தால் பலன் உண்டு.

பணத்துக்கு வருவோம். தம்பிக்கு அங்கே சிபிஎஃப் (சிங்கப்பூரின் சேமநிதி) ஆயுள் முழுதும் மாதப் பணம் தரும் திட்டம் உண்டு. நம் இபிஎஃப் சேமிப்பு எடுக்க எடுக்கத் தீரும். அதனால் உங்கள் வயதை விடுங்கள், மனைவியின் வயதைப் பாருங்கள். அவர் 90 வரை வாழலாம் என்று வைத்தால் இன்னும் 36 வருடம். மொத்தமாக எடுக்காமல் மாதாமாதம் எடுங்கள். மீதியை ஈவுத்தொகைக்கு விட்டுவையுங்கள். உங்களுக்குப் பின் பணம் சிக்கலின்றி அவரைச் சேர, வாரிசு நியமனத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று இபிஎஃப் அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள்.