தட்டிய பிறகும் பிடியை விடவில்லை, கை முறிந்தது. வழக்குப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. சென்ற மாதம் நடந்த எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) போட்டியில் எதிராளி ஆர்ம்பார் (கையை நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் மடக்கும்) பிடி போட்டார். தம்பி மூன்று முறை தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். நடுவர் வந்து விலக்கியும் அவர் விடவில்லை. முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. போலீஸில் கேட்டால், "கையெழுத்து போட்டுத்தானே இறங்கினார், விளையாட்டில் இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாதா ஐயா?
- சேலம் மாவட்ட வாசகர்

பதில்: செய்யலாம். போலீஸ் சொன்னதில் பாதி சரி. மோதலின்போது பட்ட அடிக்கு வழக்குப் போட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 25-வது பிரிவு இதைச் சொல்கிறது. வாள்வீச்சு விளையாடும் இருவரையே அது உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் அந்த உதாரணத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: ஆட்டம் நேர்மையாக நடந்திருக்க வேண்டும். கொடுங்காயம் ஏற்படும் என்று தெரிந்தே செய்த செயலுக்கும் அந்தப் பிரிவு பாதுகாப்பு தராது. (அப்படியானால் குத்துச்சண்டையே குற்றமா என்று கேட்காதீர்கள், அது தனிக் கச்சேரி.)

உங்கள் தம்பி தட்டியதுமே ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் கொடுத்த சம்மதமும் அதோடு சரி. இந்த விளையாட்டுக்காரர்களே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பிரேசில் வீரர் ரூசிமார் பல்ஹாரெஸ் 2013-ல் எதிராளி தட்டிய பிறகும் குதிகால் பிடியை விடாததால் எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி. அவரை வெளியேற்றியது. 2015-ல் ஜேக் ஷீல்ட்ஸிடம் மறுபடி அதே வேலையைக் காட்ட, நெவாடா விளையாட்டு ஆணையம் 2 ஆண்டு தடையும் 40,000 டாலர் அபராதமும் விதித்தது.

எலும்பு முறிவு அதே சன்ஹிதாவின் 116-வது பிரிவின்படி கொடுங்காயம். எதிராளி வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபித்தால் 117(2)-ன் கீழ் 7 ஆண்டு வரை சிறை. "தட்டியது தெரியவில்லை" என்று அவர் சொல்லித் தப்பப் பார்ப்பார். அதை நீதிமன்றம் நம்பினாலும், அஜாக்கிரதைக்கான 125(b) மிச்சமிருக்கிறது. அதில் 3 ஆண்டு வரை.

வழக்கின் உயிர் வீடியோவில்தான் இருக்கிறது. எதிராளியின் தொடையில் தம்பியின் கை தட்டுவது, நடுவர் கை வைப்பது, பிடி தளர்வது: இந்த மூன்றுக்கும் இடையே எத்தனை விநாடி என்பதுதான் கேள்வி. அரை விநாடி என்றால் வழக்கு தேறாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவர் இழுத்த பிறகும் முறுக்கியது தெரிந்தால் எதிராளி பாடு திண்டாட்டம். வாட்ஸ்அப்பில் வந்த காப்பி போதாது. படம் எடுத்த போனையே பத்திரப்படுத்துங்கள். புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். அப்புறம், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, எக்ஸ்ரே இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

அந்தக் கையெழுத்துப் பத்திரம் குற்ற வழக்கைத் தடுக்காது. நடுவர் சரியாகத் தலையிட்டாரா, மருத்துவர் இருந்தாரா என்பதைப் பொறுத்து அமைப்பாளரிடமும் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம்.

புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான போலீஸ் ரசீது) கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். இதற்கிடையே "சிகிச்சைச் செலவு" என்று அமைப்பாளர் பணத்தோடு ஒரு தாளையும் நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.