ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் புரதங்கள் எப்படி உருவாகின்றன?

ஒரே அமினோ அமில வரிசை பலமுறை திரும்ப வரும் புரதம் தற்செயலாக எப்படி உருவாக முடியும் என்பது கேள்வி. ஒவ்வோர் அலகும் தனித்தனியாகத் தோன்ற வேண்டியதில்லை. ஒருமுறை தோன்றிய துண்டு பிரதியானாலே போதும். டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது புதிய இழை சற்றே வழுக்கிப் பின்னால் பொருந்தினால் அத்துண்டு இருமுறை எழுதப்படுகிறது. இனச்செல்கள் உருவாகையில் இணைக் குரோமோசோம்கள் இடம் தவறிப் பொருந்தித் துண்டுகளை மாற்றிக்கொண்டால் ஒன்று நீள, மற்றொன்று குறுகுகிறது. இரண்டு பிரதிகள் வந்துவிட்டால் தவறாகப் பொருந்தும் வாய்ப்பும் கூடுவதால், பெருக்கமே மேலும் பெருக்கத்துக்கு வழிவிடுகிறது. இதை யாரும் போதிய அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்கள் மும்மூன்றாக வாசிக்கப்படுகின்றன; ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். எனவே துண்டின் நீளம் மூன்றின் மடங்காக இருந்தால் இந்த வாசிப்புச் சட்டகம் குலையாது. தோல், எலும்பு போன்றவற்றுக்கு வலுவூட்டும் கொலாஜன் புரதத்தின் மரபணுக்களில் பல எக்ஸான்கள் (புரதமாக வாசிக்கப்படும் பகுதிகள்) சரியாக 54 காரங்கள் கொண்டவை. அதாவது, கிளைசின் என்னும் அமினோ அமிலத்தில் தொடங்கும், மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட அலகுகள் ஆறு.

என்னை மிகவும் வியக்க வைப்பது அண்டார்க்டிக் மீன்களின் உறைதடுப்புப் புரதம். டிரிப்சினோஜன் என்னும் செரிமானப் புரதத்தின் மரபணுவில், இன்ட்ரானும் (புரதமாக வாசிக்கப்படாத பகுதி) எக்ஸானும் சந்திக்கும் எல்லையில் இருந்த வெறும் 9 காரங்கள், திரியோனின்–அலனின்–அலனின் என வாசிக்கப்படும் அந்தச் சிறு துண்டு, மீண்டும் மீண்டும் பெருகியே இப்புரதத்தின் முதுகெலும்பாயிற்று என 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. நீண்ட வரிசை பனிப்படிகத்தை வலுவாகப் பற்றி அதன் வளர்ச்சியைத் தடுத்ததால், உறைநிலைக் கடலில் அதைச் சுமந்த மீன்கள் பிழைத்தன.