வாசகர் கேள்வி – பதில்: கப்பலுக்குக் காத்திருக்கும் மரைன் படை

கேள்வி: அமெரிக்க மரைன்களைச் சில செய்திகள் கடற்படையினர் என்கின்றன, வேறு சில, தரையிறங்கும் துருப்புகள் என்கின்றன. அவர்கள் கடற்படையைச் சேர்ந்தவர்களா, இல்லையா?

பதில்: இல்லை. மரைன் படை தனியொரு படை. அதற்கெனத் தனிச் சீருடையும் தனிப் பயிற்சிப் பள்ளிகளும் உண்டு. கமாண்டன்ட் என்று அழைக்கப்படும் அதன் தலைமைத் தளபதி, கூட்டுத் தளபதிகள் குழுவில் ராணுவத் தளபதிக்கும் கடற்படைத் தளபதிக்கும் சமமாக அமர்கிறார். ஆனால் நிர்வாகத்தில் கடற்படையும் மரைன் படையும் கடற்படைத் துறை என்ற ஒரே துறைக்குள், ஒரே செயலரின் பொறுப்பில் வருகின்றன. 1775 நவம்பர் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கூடிய கண்டக் காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவை) இரண்டு பட்டாலியன் (சில நூறு வீரர்கள் கொண்ட பிரிவு) மரைன்களைத் திரட்டத் தீர்மானித்தது. அந்த நாளையே படை இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இரண்டும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அறிய ஒரு செய்தி போதும். மரைன் படைக்குச் சொந்தமாக மருத்துவர் இல்லை, களத்தில் காயத்துக்குக் கட்டுப்போடும் உதவியாளர் இல்லை, மதகுருவும் இல்லை. இவர்கள் எல்லோரும் கடற்படையிலிருந்து வந்து, மரைன்களோடு அதே பதுங்குகுழியில் கிடப்பவர்கள். அவர்கள் ஏறிச்செல்லும் கப்பலும் அப்படித்தான்: கடற்படையின் நிதியில் கட்டப்பட்டு, கடற்படை ஆட்களால் ஓட்டப்பட்டு, கடற்படையின் அட்டவணைப்படி பழுதுபார்க்கப்படுவது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இன்னொரு வாசகர் கேட்டிருக்கும் கேள்விக்கு அதுவே பாதி விடை.

கேள்வி: "மரைன் எக்ஸ்பெடிஷனரி யூனிட் ஒன்று அனுப்பப்பட்டது" என்று அடிக்கடி படிக்கிறேன். அந்த யூனிட் எவ்வளவு பெரியது? அதற்குள் யார் யார் இருப்பார்கள்?

பதில்: முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தாய்நாட்டை விட்டு வெகுதொலைவு சென்று, போகிற இடத்தில் துறைமுகமோ விமானத்தளமோ கிடங்கோ எதுவும் கிடைக்காது என்ற எண்ணத்தோடு, சண்டைக்கும் பிழைப்புக்கும் வேண்டியவற்றைத் தன்னோடு எடுத்துச்செல்லும் படையே எக்ஸ்பெடிஷனரி படை. இத்தகைய படையை மரைன்கள் எந்த அளவில் அமைத்தாலும், அதில் நான்கு உறுப்புகள் இருந்தாக வேண்டும்: ஆணையிடும் தலைமையகம், தரையில் போரிடும் பிரிவு, வான்பிரிவு, வழங்கல் பிரிவு. நான்கும் ஒரே தளபதியின் கீழ் இருக்கும். தரைப்படை ஒருவரிடமும் விமானங்கள் வேறொருவரிடமும் இருந்து, தேவைப்படும்போது ஒருவரையொருவர் கேட்டுப் பெறும் முறை இங்கே இல்லை. மரைன் படையின் அமைப்பில் மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டது இதுதான் என்பது என் கருத்து.

இந்த அச்சில் வார்க்கப்பட்டவற்றுள் வழக்கமாகக் கடலில் இருக்கும் சிறிய வடிவமே தாங்கள் படித்த யூனிட். ஒரு கர்னலின் தலைமையில் ஏறத்தாழ 2,200 பேர். பீரங்கி, கவச வாகனம், உளவுப்பிரிவு ஆகியவற்றால் வலுவூட்டப்பட்ட ஒரு காலாட்படைப் பட்டாலியன் அதன் நடுவில் இருக்கும். அதனோடு, செங்குத்தாக இறங்கக்கூடிய எஃப்-35பி போர் விமானங்களையும் ஹெலிகாப்டர் போல எழும்பி விமானம் போலப் பறக்கும் ஆஸ்ப்ரேக்களையும் ஹெலிகாப்டர்களையும் கலந்து அமைத்த ஒரு வான் அணியும், 15 நாட்களுக்குத் தாங்கும் பொருள்களோடு ஒரு வழங்கல் பட்டாலியனும் சேரும். இவ்வளவும் மூன்று கப்பல்களில் ஏறும். அவற்றில் பெரியது, பார்வைக்கு ஒரு விமானந்தாங்கிக் கப்பல் போலவே இருக்கும், 40,000 டன்னுக்கு மேற்பட்ட தாக்குதல் கப்பல்.

இதற்கு மேல் பிரிகேடியர் ஜெனரல் தலைமையிலான பிரிகேடும், அதற்கும் மேல் லெப்டினன்ட் ஜெனரல் தலைமையிலான எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸும் உள்ளன. பிந்தையது மொத்தம் மூன்று: கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் முதலாவது, வட கரோலினாவின் கேம்ப் லெஜூனில் இரண்டாவது, ஜப்பானின் ஒகினாவாவில் மூன்றாவது. சிறிய யூனிட்டுகள் ஏழு. அவற்றின் எண்கள்: மேற்குக் கரைக்கு 11, 13, 15, கிழக்குக் கரைக்கு 22, 24, 26, ஒகினாவாவில் 31. ஒவ்வொரு கரைக்கும் மூன்று என்பதற்குக் காரணம் எளியது: ஒன்று கடலில் இருக்கும்போது இன்னொன்று பயிற்சியில் இருக்கும், மூன்றாவது திரும்பி வந்து ஆளையும் கருவியையும் சீர்செய்துகொண்டிருக்கும். ஒகினாவாவில் இருப்பது நிரந்தரமாக முன்களத்தில் நிறுத்தப்பட்டது என்பதால், அதற்கு இந்தச் சுழற்சி பொருந்தாது.

கேள்வி: இந்தப் படையின் அளவைச் சட்டமே வரையறுக்கிறது என்பது உண்மையா?

பதில்: உண்மை. பல ஆயிரம் வீரர்களைக் கொண்ட போர் டிவிஷன்கள் குறைந்தது மூன்றும் மூன்று வான் பிரிவுகளும் இருந்தாக வேண்டும் என்று 1952-இல் இயற்றப்பட்ட சட்டம் சொல்கிறது. கடற்படையின் போர்நடவடிக்கைக்குத் தேவையான முன்னணித் தளங்களைக் கைப்பற்றுவதும் காப்பதும் அதன் கடமை என்கிறது. கூடவே, குடியரசுத் தலைவர் கட்டளையிடும் பிற பணிகள் என்ற வாசகமும் உண்டு. பேரிடர் மீட்பு போன்ற வேலைகளுக்கு அந்த வாசகம் இடம் தருகிறது.

இந்தச் சட்டம் பிறந்ததற்குக் கொரியப் போரே காரணம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மரைன் படையைச் சுருக்க வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமனே அதைக் கடற்படையின் போலீஸ் என்று ஒரு கடிதத்தில் குறிப்பிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1950 ஜூன் 25 அன்று போர் மூண்டபோது மரைன் பட்டாலியன்களில் மூன்று ரைஃபிள் கம்பெனிகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. ஆயினும் ஜூலை 7 அன்று அமைக்கப்பட்ட ஒரு தற்காலிக பிரிகேடு, ஆகஸ்ட் 2 அன்று தன் சொந்த விமானங்களின் துணையோடு தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. நாடு தயாராக இல்லாத வேளையில் தயாராக இருக்கும் ஒரு படை வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் முடிவுக்கு வர அதுவும், அதே ஆண்டு செப்டம்பரில் கொரியாவின் இஞ்சோன் துறைமுகத்தில் நடந்த தரையிறக்கமும் உதவின. 1952-இல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் ட்ரூமனே.

கேள்வி: ஆணை கிடைத்த ஆறு மணி நேரத்தில் புறப்படுவார்கள் என்கிறார்களே, அது எப்படி இயலும்? தயார்நிலை என்பதை எதைக்கொண்டு அளக்கிறார்கள்?

பதில்: அந்த ஆறு மணி நேரம், கடலில் ஏற்கெனவே நிற்கும் யூனிட்டுக்கு உரியது. முன்னறிவிப்பு ஆணை வந்ததிலிருந்து திட்டம் வகுத்து, ஒத்திகை பார்த்து, முதல் விமானமோ படகோ கிளம்பும் வரை ஆறு மணி நேரம். மின்னல் வேகத்தில் சிந்திப்பதனால் இது சாத்தியமாகவில்லை. பெரும்பகுதி சிந்தனை முன்பே முடிந்துவிட்டது என்பதனால்தான் சாத்தியமாகிறது. புறப்படுவதற்கு முந்தைய ஆறு மாதங்கள் ஒரே தளபதியின் கீழ், ஒரே கப்பல் குழுவோடு, தூதரக மீட்பு, கடல்வழித் தாக்குதல், வீழ்ந்த விமானியை மீட்டல் போன்றவற்றைப் பகலிலும் இரவிலும் திரும்பத் திரும்பப் பழகி, இறுதியில் ஒரு தேர்வில் தேறிய பிறகே யூனிட் கடலுக்கு அனுப்பப்படுகிறது.

இதில் வெளியே தெரியாத ஒரு கலை, கப்பலில் சரக்கேற்றுவது. முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும்; குண்டுகள் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த வாகனத்துக்குப் பின்னால் எந்த வாகனம் என்பதெல்லாம் கரையில் நடக்கப்போகும் சண்டையைப் பின்னிருந்து முன்னாகப் படித்து வரையப்படுகிறது. 1942 ஜூலையில், பசிஃபிக் தீவான குவாடல்கனாலில் ஜப்பானியரோடு போரிடப் போக வேண்டிய முதல் மரைன் டிவிஷனின் சரக்கு, இடத்தை மிச்சப்படுத்தும் வணிக முறையில் ஏற்றப்பட்டிருந்தது. நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்தில் கொட்டும் மழையில், அட்டைப்பெட்டிகள் ஊறிக் கரைந்து கையோடு வர, வீரர்களே சுமைதூக்கிகளாகி எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றினார்கள்.

அளவீட்டைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பிரிவும் நான்கு கேள்விகளுக்குத் தவறாமல் கணக்குக் கொடுக்க வேண்டும்: ஆட்கள் போதுமா, கருவிகள் கைவசம் உள்ளனவா, இருக்கும் கருவிகள் இயங்குகின்றனவா, பயிற்சி முடிந்ததா. எண்ணால் வரும் விடையை, தளபதி தன் கணிப்பின்படி ஏற்றவும் குறைக்கவும் இடமுண்டு. ஆபத்து அங்கேதான் என்று தாங்கள் நினைத்தால், அதை நான் மறுக்கமாட்டேன்.

முறை சரியாக இயங்கும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு 1991 ஜனவரியைச் சொல்லலாம். வளைகுடாப் போருக்காக ஓமன் கரையோரம் நின்றிருந்த குவாம், டிரென்டன் என்ற இரண்டு கப்பல்கள் சோமாலியாவை நோக்கித் திருப்பிவிடப்பட்டன. அந்நாட்டின் தலைநகர் மொகதிஷுவில் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலைக் கொள்ளைக்கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல்கள் வந்துசேரும் வரை காத்திராமல், 466 கடல் மைல் தொலைவிலிருந்தே இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் கிளம்பி, வழியில் வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு தூதரகத்துக்குள் இறங்கின. இறுதியில் 30 நாடுகளைச் சேர்ந்த 281 பேர் வெளியே கொண்டுவரப்பட்டனர். சோவியத் தூதரும் அவர்களுள் ஒருவர்.

கேள்வி: கடற்கரையே இல்லாத ஆப்கானிஸ்தானில் மரைன்களுக்கு என்ன வேலை?

பதில்: 2001 நவம்பரில் 15, 26 ஆகிய இரண்டு யூனிட்டுகளையும் இணைத்து, பிரிகேடியர் ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ் தலைமையில் ஒரு படை அமைக்கப்பட்டது. அரபிக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து அது பாகிஸ்தானைக் கடந்து பறந்து, கந்தஹாருக்குத் தென்மேற்கே பாலைவனத்திலிருந்த ஒரு விமான ஓடுதளத்தைப் பிடித்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மரைன்கள் இன்னொரு தரைப்படையாகவே பயன்பட்டார்கள் என்பதும், கப்பலில் ஒருமுறைகூட ஏறாமலே பல அணிகள் போர்முனைக்குப் போய்வந்தன என்பதும் வேறு கதை.

கேள்வி: இவ்வளவு தயாரான படையிடம் இப்போது குறை என்ன?

பதில்: கப்பல். வீரன் புறப்படத் தயாராக இருக்கிறான். அவன் ஏற வேண்டிய கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் நிற்கிறது. 2020 ஜூலையில் போனோம் ரிச்சர்ட் என்ற தாக்குதல் கப்பல், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ துறைமுகத்தில் பராமரிப்பில் இருந்தபோதே தீப்பிடித்துப் பல நாட்கள் எரிந்தது. சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது என்று மறு ஆண்டே பணியிலிருந்து நீக்கப்பட்டது. 2023 பிப்ரவரியில் துருக்கியை நிலநடுக்கம் உலுக்கியபோதும், ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுச் சண்டை வெடித்தபோதும், அனுப்புவதற்கு அருகில் கப்பலேறிய யூனிட் ஒன்றும் இருக்கவில்லை. அன்றைய கமாண்டன்ட் டேவிட் பெர்கர் இதை நாடாளுமன்றக் குழுவின் முன் வெளிப்படையாகவே வருந்திச் சொன்னார். 2024 ஏப்ரலில் பாக்ஸர் என்ற கப்பல், 15-ஆவது யூனிட்டின் ஒரு பகுதியோடு கிளம்பிய சில நாட்களிலேயே சுக்கான் பழுதாகித் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, மரைன்களைச் சுமந்துசெல்லும் மொத்தம் 32 கப்பல்களில் பாதி திருப்தியற்ற நிலையில் இருப்பதாக அறிக்கை தந்தது.

இத்தகைய கப்பல்கள் குறைந்தது 31 வேண்டும், அவற்றில் 10 பெரிய தாக்குதல் கப்பல்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் இப்போது சொல்கிறது. ஆனால் எண்ணிக்கையில் இருப்பதும் ஓடும் நிலையில் இருப்பதும் ஒன்றல்ல. எந்த நேரமும் மூன்று யூனிட்டுகள் கடலில் இருக்க வேண்டும் என்பது பெர்கருக்குப் பின் வந்த கமாண்டன்ட் எரிக் ஸ்மித்தின் இலக்கு. கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று, ஒகினாவாவிலிருந்து ஒன்று. அதற்கு மரைன் படை மட்டும் முயன்றால் போதாது. பழுதுபார்க்கும் பணம் கடற்படையின் கையில் இருக்கிறது; அந்தப் பணத்துக்கு நீர்மூழ்கிகளும் நாசகாரிக் கப்பல்களும் போட்டியிடுகின்றன. தன் கால் இன்னொருவர் உடம்பில் இருப்பது போன்ற நிலை இது. பட்டாலியன் தன் நான்கு கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் வாங்கினாலும், கப்பல் இருக்கிறதா என்ற ஐந்தாவது கேள்வி அதன் தாளில் இல்லை.

கேள்வி: டாங்கிகளை எல்லாம் துறந்துவிட்டார்களாமே! இது தற்கொலைக்கு ஒப்பானது என்கிறான் என் நண்பன்.

பதில்: தங்கள் நண்பர் தனியாக இல்லை; ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல்கள் பலரே அப்படித்தான் வாதிட்டார்கள். 2020 மார்ச்சில் பெர்கர் அறிவித்த சீரமைப்புத் திட்டம் மூன்று டாங்கி பட்டாலியன்களையும் கலைத்தது, இழுவைப் பீரங்கிகளைப் பெருமளவு குறைத்தது. அவற்றுக்குப் பதிலாக, மேற்குப் பசிஃபிக்கின் தீவுகளில் சிறு சிறு குழுக்களாகச் சிதறி நின்று, கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளால் கடல்வழியை அடைக்கும் கரையோர ரெஜிமென்ட்டுகள் வந்தன. முதலாவது 2022 மார்ச்சில் ஹவாயிலும், அடுத்தது 2023 நவம்பரில் ஒகினாவாவிலும் அமைந்தன.

என் பார்வையில் டாங்கியை விட்டது அவ்வளவு பெரிய தவறல்ல. கடலிலிருக்கும் ஒரு யூனிட் வழக்கமாக எடுத்துச்சென்றது நான்கே டாங்கிகள். அவற்றைக் கரைசேர்க்கும் காற்றுமெத்தைப் படகு ஒவ்வொன்றும் ஒரு நடைக்கு ஒன்றைத்தான் சுமக்க முடியும். கவலைக்குரியது வேறு. தீவுக்குத் தீவு இந்தக் குழுக்களை நகர்த்தச் சிறிய தரையிறங்கு கப்பல்கள் வேண்டும்; 35 வேண்டும் என்று மரைன் படை கேட்டது. ரெஜிமென்ட்டுகள் வந்துவிட்டன, அந்தக் கப்பல்கள் இன்னும் வந்துசேரவில்லை.