வண்டிக் கேள்விக்கு எலெக்ட்ரீஷியன் பதில்

மதுரை கே.புதூரில் 26 வருடமாக கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டியில் செருகிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் பற்றித்தான். நான்கை எடுத்திருக்கிறேன்.

700 ரூபாய்க்கு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். மச்சானுடைய 2019 காரில் செருகியதும் எல்லாம் காட்டுகிறது. என் 2011 பெட்ரோல் காரில் கனெக்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. வொர்க்‌ஷாப்பில் காட்டினால் ஈசிஎம் போய்விட்டது, 24,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. – வாசகர், மேலூர்

ஐயா, அந்தப் பணத்தை இப்போது எடுக்காதீர்கள். இன்ஜெக்டரைத் திறந்து மூடுவதும் ஸ்பார்க் விடுவதும் ஈசிஎம்தான், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். அது செத்திருந்தால் வண்டி மேலூரில் இருந்து ஒத்தக்கடை வரைகூட வந்திருக்காது. ஸ்கேனரோடு பேசவில்லை என்பதற்காக ஈசிஎம்மைக் கழற்றச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஸ்கேனருக்கும் ஈசிஎம்முக்கும் நடுவில் உள்ள வழியை முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் 16 ஓட்டைகள் இருக்கும். 16-ஆவது ஓட்டையில் பேட்டரி பாசிட்டிவ், 4-லும் 5-லும் எர்த். மல்டிமீட்டரை 16-க்கும் 4-க்கும் வைத்தால் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் இந்த சாக்கெட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃப்யூஸ். கப்பலூரில் ஆள் ஏற்றிப்போகும் ஒரு வேன் இப்படித்தான் என்னிடம் வந்தது, அதற்கும் ஈசிஎம் மாற்றச் சொல்லி எழுதியே கொடுத்திருந்தார்கள். லைட்டர் குழிக்குள் ஒரு ரூபாய்க் காசு விழுந்து ஃப்யூஸ் போயிருந்தது. காசை எடுத்து ஃப்யூஸ் மாற்றினேன், அவ்வளவுதான்.

கரண்ட் சரியாக இருந்தால் டார்ச் அடித்து ஓட்டைகளுக்குள் பாருங்கள். ஸ்கேனரும் ஈசிஎம்மும் பேசும் கம்பி இரண்டு வகை. 6-லும் 14-லும் உலோகம் தெரிந்தால் பெரும்பாலும் அது கேன் லைன். 7-இல் மட்டும் தெரிந்தால் கே-லைன். உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேன் என்பது போஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்ட முறை. இரண்டு கம்பிகளில் விநாடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடும், கேட்ட உடனே பதில் வரும். மச்சான் வண்டியில் இருப்பது அதுதான். கே-லைன் ஒற்றைக் கம்பி. பழைய ஐஎஸ்ஓ 9141-2 முறையில் ஸ்கேனர் முதலில் விநாடிக்கு 5 பிட் என்ற கணக்கில் மெதுவாக ஒரு முகவரியை அனுப்பி ஈசிஎம்மை எழுப்ப வேண்டும். அந்த ஒரு எழுத்தை அனுப்பவே 2 விநாடி ஆகும். ஈசிஎம் விழித்துப் பதில் கொடுத்த பிறகுதான் 10,400 பிட் வேகத்தில் பேச்சு தொடங்கும். எழுப்பும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் அது வாயே திறக்காது.

இந்த மாதிரி ஸ்கேனர்களுக்குள் இருக்கும் ஈஎல்எம்327 சிப்பை முதலில் செய்தது கனடாவில் இருந்த எல்ம் எலெக்ட்ரானிக்ஸ். இப்போது கடையில் மலிவாகக் கிடைப்பவை அதன் நகல்கள். அவற்றில் சிலவற்றில் கே-லைன் பகுதி அரைகுறை, சிலவற்றில் அடியோடு கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணை நம்ப முடியாது. அதனால் கே-லைன் பேசும் என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு ஸ்கேனரைக் கேட்டு வாங்கி ஒருமுறை செருகிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோளாறை வண்டியே கண்டுபிடித்துச் சொல்லும் முறைக்கு ஓபிடி என்று பெயர். நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி-1 கட்டாயமானது 2010 ஏப்ரலில், ஓபிடி-2 2013 ஏப்ரலில். உங்கள் வண்டி நடுவில் வந்தது. சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும், கம்பெனியின் சொந்த பாஷைக்கு மட்டும் பதில் சொல்லும் ஈசிஎம்மாக இருக்கலாம். அப்படியானால் அந்த கம்பெனி ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். அதற்கான செலவு சில நூறு ரூபாய்தான்.

விடியற்காலையில் பூ ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வேன் ஓட்டுகிறேன். செக் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண் வந்ததால் ஆக்சிஜன் சென்சார் மாற்றினார்கள். லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள், நாலு நாளில் திரும்ப எரிகிறது. – வாசகி, உசிலம்பட்டி

அம்மா, பி0171 என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று ஈசிஎம் சொல்கிறது. அந்தச் சேதியைக் கொண்டுவந்தது ஆக்சிஜன் சென்சார். சேதி கொண்டுவந்தவனையே மாற்றிவிட்டார்கள், அதனால் புது சென்சாரும் அதே சேதியைக் கொண்டுவருகிறது.

லைட்டை அணைத்ததில் இன்னொரு நஷ்டமும் உண்டு. கோளாறு பதிவான நிமிடத்தில் ஆர்பிஎம் என்ன, இன்ஜின் சூடு என்ன, லோடு எவ்வளவு என்று ஈசிஎம் ஒரு படம் மாதிரி சேமித்து வைக்கும். கோளாறு எண்ணை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். வண்டி விடியலில் குளிர்ந்து நின்றபோது வந்த கோளாறா, செக்கானூரணி தாண்டி முழு லோடில் இழுத்தபோது வந்ததா என்பது எனக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, இப்போது லைட் திரும்ப எரிந்திருக்கிறது, நல்லதுதான். யாரையும் அழிக்க விடாதீர்கள். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு எண் ஓடும். வழக்கமான அளவை விட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறேன் என்று ஈசிஎம் சொல்லும் கணக்கு அது. ஐடிலில் 20-க்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் 5-க்குள் இறங்கிவிட்டால் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்து அளவில் வராத காற்று உள்ளே போகிறது. நம்மூர் வெயிலில் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடிப்பது அடிக்கடி பார்ப்பதுதான். லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்பு, ஃபில்டர் பக்கம் பாருங்கள். மெக்கானிக்கிடம் இந்த இரண்டு எண்ணையும் பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராமல் அடுத்த பார்ட்டை மாற்றலாம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாலிடெக்னிக் மூன்றாம் வருடம். லேப்டாப்பில் கேன் அடாப்டர் மாட்டி, ஈசிஎம்மிடம் கேள்வி கேட்கும் யூடிஎஸ் முறையில் 22 எஃப்1 90 என்று அனுப்பினால் சேஸிஸ் எண் வருகிறது. வேறு எதைக் கேட்டாலும் 7எஃப் 22 என்று தொடங்கி ஒரு பதில் வருகிறது. ஈசிஎம் கெட்டுவிட்டதா? – மாணவர், திருமங்கலம்

தம்பி, கெடவில்லை. கேள்வி புரிந்துதான் மறுக்கிறது. 7எஃப் என்றால் மறுப்பு. அடுத்து வரும் 22 நீ கேட்ட சர்வீஸ். காரணம் மூன்றாவது எண்ணில் இருக்கிறது. 31 வந்தால் அப்படி ஒரு டேட்டா என்னிடம் இல்லை. 33 வந்தால் பூட்டியிருக்கிறது, சாவி வேண்டும். 78 வந்தால் மட்டும் அது மறுப்பே கிடையாது. கொஞ்சம் இரு, வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது திரும்பத் திரும்ப கேள்வியை அனுப்பாதே, பதிலுக்குக் காத்திரு. தொடக்க நிலையான டீஃபால்ட் செஷன் தவிர வேறு செஷனுக்குப் போனால் சாதாரணமாக 5 விநாடி சும்மா இருந்தாலே ஈசிஎம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைத் தடுக்கத்தான், நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்லும் 3இ அனுப்பிக்கொண்டிருப்பது.

லேப்டாப்பைச் செருகும் முன், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் அளந்து பழகு. கேன் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் இருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. எழுதும் கட்டளைகளை, அதாவது 2இ, 34 போன்றவற்றை, ரோட்டில் ஓடும் எந்த வண்டியிலும் முயலாதே. கழற்றிய பழைய ஈசிஎம் ஒன்றை மேஜையில் வைத்துப் பழகு. புதூர் பக்கம் வந்தால் என் கடையில் இரண்டு கிடக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொண்டு போ.

ஸ்கேனரை எப்போதும் செருகியே வைக்கலாமா? – வாசகர், வாடிப்பட்டி

வேண்டாம் ஐயா. 16-ஆவது ஓட்டையில் சாவி இல்லாமலும் கரண்ட் வரும், ஸ்கேனர் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போய்விட்டு பத்து நாள் கழித்து வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். பார்த்து முடித்ததும் கழற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.